தண்டனை ஏட்டில் ஒரு பாட்டன்

பரங்கிமலையின் அடிவாரம் தொட்டு, பல்லாவரம் கடந்து, தாம்பரம் வரையில் நீண்டு கிடக்கும் நிலம், படைவீரர்களின் காலடி பட்டுப் பழகிய நிலம். கும்பினி ஆட்சிக் காலத்தில் பரங்கிமலை, பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. பல்லாவரம், சென்னைக் கோட்டைக்குரிய சிப்பாய்ப் படைகளின் பாசறையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தாம்பரத்தில் வானூர்தித் தளம் எழுந்தது. ஆகவே இப்பகுதியிலே, ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர் பட்டாளத்தில் இருந்தார்’ என்று கூறுவோரைக் காண்பது அரிதன்று.

கூறும் முறையில்தான் வேறுபாடு! பதக்கம் பெற்ற பாட்டனுக்குக் கூடத்துச் சுவரில் படம். கசையடி பட்ட பாட்டனுக்கு, சிறை சென்ற பாட்டனுக்கு, பெயர் வெட்டி வெளியேற்றப்பட்ட பாட்டனுக்கு மௌனம். ‘அந்தப் பேச்சை எடுக்காதே’ என்று பெரியவர்கள் அதட்டுவர். பேரன் வாயடைத்துப் போவான். இரண்டு தலைமுறைகள் கழிந்தால், அப்படி ஒரு மனிதன் வாழ்ந்ததே இல்லை என்றாகிவிடும்.

அவன் செய்த குற்றந்தான் என்ன? அதைக் குற்றம் என்று கூறியவர் யார்? அன்று குற்றமாக இருந்தது, மறுநாளும் குற்றமாகவே இருந்ததா? இம்மூன்று கேள்விகளையும் கேட்காமல் தலைகுனிகிறவர், நூறாண்டுகட்கு முன்பு ஒரு வெள்ளை அதிகாரி எழுதிய தீர்ப்புக்கு இன்றும் கையொப்பம் இட்டுக் கொண்டிருக்கிறார் என்றே நாம் சொல்லுவோம்.

முதலில் ஒன்றை உணர வேண்டும். கும்பினியின் ஏடுகளில் சாதாரணச் சிப்பாய் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கை. இத்தனை பேர் புறப்பட்டனர், இத்தனை பேர் மாண்டனர், இத்தனை பேருக்கு ஊதியம், அவ்வளவே! கட்டளைக்குப் பணிந்து, களத்திலே மடிந்தவன் அந்த எண்ணிக்கையில் கரைந்து போனான். கட்டளையை மறுத்தவனோ அப்படிக் கரையவில்லை. அவன்மீது குற்றச்சாட்டு எழுதப்பட்டது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர், அவன் என்ன சொன்னான் என்பதும் பதிவாயிற்று. எழுதியது ஆண்டவன் கைதான் என்றாலும், பேசியது உழைத்தவன் வாய். நம் பாட்டன்மாரின் குரல் ஏட்டில் எஞ்சியிருக்கும் இடங்கள் சிலவே. அவற்றுள் தண்டனை ஏடும் ஒன்று என்பது கசப்பான உண்மை.

1806ஆம் ஆண்டு வேலூருக்குச் செல்வோம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கு. சிப்பாய்கள் சீருடையில் இருக்கும்போது நெற்றியில் குறி இடலாகாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவாக இருத்தல் வேண்டும் என்றன புதிய விதிகள். தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும் வந்தது. மே மாதத்தில், நான்காம் படையின் இரண்டாம் பட்டாளத்தினர் அதை அணிய மறுத்தனர். இருபத்தொருவர் கைதாகிச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் இந்துக்களும் இருந்தனர், முசுலிம்களும் இருந்தனர். இருவருக்குக் கசையடி, அதன்மேல் பணிநீக்கம். ஏனைய பத்தொன்பது பேரும் மன்னிப்புக் கேட்டு அடியினின்று தப்பினர்.

எத்தனை அடி? சில நூல்களில் 900 என்று காணப்படுகிறது; சிலவற்றில் 90 என்று காணப்படுகிறது. ஒரு சுழிதானே என்று தள்ளிவிடலாமா? அந்தச் சுழிக்குள்ளே ஒரு மனிதனின் முதுகுத்தோல் இருக்கிறது! பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவது ஆராய்ச்சியாகாது. மூல ஏட்டைத் தேடிச் சென்று படிப்பதே ஆராய்ச்சி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னர் நடந்ததை நாடறியும். சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் மாண்டனர். மருத்துவமனையில் படுத்துக் கிடந்த நோயாளிகளும் கொல்லப்பட்டனர். அதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் பாய்ந்து வந்தான். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் வெட்டியும் சுட்டும் வீழ்த்தப்பட்டனர். விசாரணைக்குப் பின் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், சிலர் சுடப்பட்டனர், சிலர் தூக்கிலேறினர், சிலர் நாடு கடத்தப்பட்டனர்.

இத்தனைக்கும் பிறகு அந்தத் தலைப்பாகை என்னாயிற்று? கட்டளையைக் கும்பினியே திரும்பப் பெற்றது! கிராடக்கும் பெண்டிங்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர். அப்படியானால் மே மாதத்தில் ‘இது வேண்டாம்’ என்று முதலில் சொன்ன அந்த இருவர்? கட்டளை ஏட்டினின்று நீங்கிற்று. அவர்கள் முதுகிலிருந்த தழும்பு நீங்கவில்லை.

முசுதபா பேக் என்ற சிப்பாயின் கதை இன்னும் விந்தையானது. கலகம் வரப்போகிறது என்று சூன் மாதத்திலேயே தன் அதிகாரியிடம் சொன்னவன் அவன். விசாரித்தவர்கள் அவனைப் பைத்தியக்காரன் என்றனர், விலங்கு பூட்டினர். சூலையில் அவன் சொன்னது நடந்துவிட்டது. விலங்கு பூட்டிய அதே கும்பினி அவனுக்கு 2000 வராகனும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் கொடுத்தது. சூன் மாதத்து ஏட்டை மட்டும் கண்டெடுக்கும் பேரனுக்கு அவன் பைத்தியக்காரன்; அடுத்த ஏட்டையும் புரட்டுகிறவனுக்கு அவன் கும்பினிக்கு வேண்டியவன். ஒரு தாளோடு நிற்பவன் பாதி மனிதனைத்தான் காண்பான்.

இங்கே பகுத்தறிவு பேசும் இளைஞர்க்கு ஓர் ஐயம் எழும். ‘நெற்றிக்குறியையும் கடுக்கனையும் காக்கவா போராடினார்கள்? அவற்றை வேண்டாம் என்கிற நாம் அவர்களை எப்படிப் பாராட்டுவது?’ நேர்மையான ஐயம். நமது விடை இது: சிந்தித்துத் தெளிந்தவன் தன் நெற்றிக்குறியைத் தானே அழித்தால் அஃது அறிவின் வெற்றி. பிரம்பைக் காட்டி ஒருவன் அழித்தால், அங்கே அழிவது குறியன்று, மனிதனுடைய மானம். கும்பினி சாதியை ஒழிக்க வந்ததா? அணிவகுப்பு அழகாக இருக்க வேண்டும் என்றல்லவா விரும்பிற்று! ஆகவே, அவர்கள் நம்பியதை நாம் ஏற்க வேண்டியதில்லை. தம் உடல்மீது தமக்கும் ஒரு சொல் உண்டு என்று அவர்கள் நின்ற நிலையை மறுக்கவும் வேண்டியதில்லை.

மதம் கலவாத மறுப்பும் உண்டு. 1857 ஆகஸ்டில், சென்னையின் எட்டாம் குதிரைப்படை பெங்களூரிலிருந்து புறப்பட்டது. சென்னையில் கப்பலேறி, வடக்கே கிளர்ந்தெழுந்தவர்களை அடக்கச் செல்ல வேண்டும் என்பது கட்டளை. சென்னைக்கு 25 மைல் தொலைவில் வீரர்கள் நின்றனர். 1837க்கு முன்பிருந்த ஊதியமும் படியும் ஓய்வூதியமும் வேண்டும் என்றனர். அரசு அஞ்சி இணங்கிற்று. மேலும் 13 மைல் நடந்து பூவிருந்தவல்லியை அடைந்ததும் மறுபடியும் நின்றனர். தம் நாட்டவரை எதிர்த்துப் போரிட மாட்டோம் என்றனர். படைக்கருவிகளும் குதிரைகளும் பறிக்கப்பட்டன. குதிரைகள் கல்கத்தாவுக்குக் கப்பலேறின, படைப்பிரிவு கலைக்கப்பட்டது. அக்குதிரைவீரருள் ஒருவனின் கொள்ளுப்பேரன், ‘எங்கள் பாட்டன் பட்டாளத்திலிருந்து துரத்தப்பட்டவன்’ என்று நாணுவதா, நிமிர்வதா?

மறுபக்கமும் உண்டு. வேலூரைத் திரும்பப் பிடித்த கில்லெஸ்பியுடன் வந்தவர்களில் சென்னைக் குதிரைப்படையின் இந்திய வீரர்களும் இருந்தனர். அன்று அவர்கள் ஏட்டில் கறை ஏதுமில்லை! கறையுள்ள ஏட்டைக் கேள்வி கேட்பவர், கறையற்ற ஏட்டையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

அதற்காகத் தண்டனை பெற்றவர் எல்லாம் தியாகிகள் என்று மாலை சூட்டக் கிளம்ப வேண்டாம். குடித்துவிட்டுக் காவலில் உறங்கியவனும் உண்டு. தோழனின் பணத்தைத் திருடியவனும் உண்டு. உண்மை அதுவாயின் அதையே எழுதுக. பழைய வெட்கத்தை மூடப் புதிய புராணம் எதற்கு? ஆனால் தண்டனையின் அளவையும் உடன் எழுதுக. சிப்பாய்க்குக் கசையடி கூடாதென 1835இல் விலக்கியவர், தலைமை ஆளுநராகத் திரும்பி வந்த அதே பெண்டிங்குதான். 1845இல் அது மீண்டும் வந்தது. பிரிட்டிஷ் படையிலே 1881இல் ஒழிந்த கசை, இந்தியப் படையிலே 1920 வரை நீடித்தது. ஒரே பேரரசு, ஒரே கொடி, முதுகின் நிறம் வேறு, சட்டமும் வேறு!

தேட விரும்புவோர்க்கு வழி உண்டு. வீட்டுப் பெட்டியில் முதல் உலகப் போர்ப் பதக்கம் இருந்தால், அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். எண்ணும் பெயரும் படையின் பெயரும் பொறித்திருக்கும். பட்டாளத்திலிருந்து விடுவித்த சான்றிதழ் இருந்தால், நடத்தை பற்றிய சொல்லை முதலில் படியுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்து ஏடுகள் இருக்கின்றன. இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீசின் படைத்துறை ஏடுகள் இருக்கின்றன. பிற்காலத்து வீரராயின் அவரது படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். எதற்கும் பெயர் மட்டும் போதாது. படைப்பிரிவும் ஆண்டும் வேண்டும். ஆகவே வீட்டு முதியவர்களிடம், அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அதட்டினாலும் கேளுங்கள்.

ஏடு கிடைக்கும் நாளில், தலைகுனியவும் வேண்டாம், தலைமேல் தூக்கி ஆடவும் வேண்டாம். குற்றம், கட்டளை, தீர்ப்பு மூன்றையும் வரிசையாக வைத்து நீங்களே எடை போடுங்கள். அன்று அந்தச் சிப்பாய் ‘மாட்டேன்’ என்றானே, ஏன் என்றான்? அந்த ‘ஏன்’ கிடைத்துவிட்டால், கூடத்துச் சுவரில் அவன் பெயருக்கும் இடம் கொடுங்கள்.