இடியில் பிறந்த பெயர்

ஐக்கிய அரபு அமீரகத்து விருந்தில் முதன்முறை உட்காரும் பயணியின் கண் ஹரீஸ் தட்டில் நிற்காது. மச்பூஸ் சோற்றில் கறித்துண்டு தெரியும், மசாலா மணக்கும். லுகைமாத் உருண்டைகள் பேரீச்சம்பாகில் பளபளக்கும். ஹரீஸோ வெளுத்த நிறத்தில், தட்டையாகப் பரப்பிக் கிடக்கும். மேலே சின்னக் குழி, குழியில் உருகிய நெய், அவ்வளவுதான். கோதுமை எது, இறைச்சி எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. அப்படிப் பிரிக்க முடியாமல் செய்வதற்குத்தான் இரவெல்லாம் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டின் பெயரே பண்டத்துக்கும் பெயர்.

அரபியில் 'ஹரஸ' என்றால் இடித்தான், நசுக்கினான் என்று பொருள். அந்த வேரிலிருந்து வரும் 'மிஹ்ராஸ்' உரலைக் குறிக்கும், 'ஹர்ராஸ்' என்பவர் இந்தப் பண்டத்தைச் செய்து விற்பவர், இடிபட்டது 'ஹரீஸ்'. என்ன போட்டார்கள் என்பதைப் பெயர் சொல்வதில்லை, என்ன செய்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. தமிழுக்கு இது புதிதல்ல. துவைத்தால் துவையல், மசித்தால் மசியல், வறுத்தால் வறுவல். தேங்காயா, பருப்பா, கீரையா என்பதைத் தனியாகச் சேர்த்துச் சொன்னால்தான் உண்டு. இப்படி வினையில் பிறந்த பெயர்களுக்கு ஒரு சுதந்திரம் இருக்கிறது; பொருள் மாறினாலும் அவை ஒட்டிக்கொண்டே போகும். ஹரீஸின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

தமிழ் எழுத்தில் ஒரு சின்ன ஆபத்து உண்டு. அரபியில் 'ஹ' இரண்டு, 'ஸ' போல ஒலிக்கும் எழுத்தும் ஒன்றுக்கு மேல். அழுத்தமான ஹகரமும் அழுத்தமான ஸகரமும் சேர்ந்தால் இதே 'ஹரீஸ்' பேராவல் கொண்டவன், பேராசைக்காரன் என்றாகிவிடும். அது வேறு வேர். தட்டில் இருப்பது மெல்லிய ஹகரம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்னு மன்ஸூர் தொகுத்த 'லிஸான் அல் அரப்' என்ற பேரகராதி இந்தச் சொல்லுக்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைப் பதிந்து வைத்திருக்கிறது. இடித்த தானியம் சமைக்கும் முன் ஹரீஸ். சமைத்த பின் ஹரீஸா. நம் அரிசியும் சோறும் போல. அந்தக் கணக்கில் பார்த்தால், அமீரகத்தார் இன்று வெந்த பண்டத்தை அழைப்பது வேகாத தானியத்தின் பெயரால்! வளைகுடாக் கரையில் 'ஹரீஸ்' நிலைத்தது. பாக்தாதிலும், சிரியா, லெபனான் உள்ளிட்ட ஷாம் நாடுகளிலும், வட ஆப்பிரிக்காவின் மக்ரிபிலும் 'ஹரீஸா' நிலைத்தது. பின்னால் அந்தக் கடைசி 'ஆ' மட்டும் எங்கெங்கோ சுற்றப் போகிறது.

அமீரகத்தில் உரலின் பெயர் மிஹ்ராஸ் இல்லை, 'மின்ஹாஸ்' என்கிறார்கள். இதற்கும் இடிப்பதுதான் பொருள், வேர் மட்டும் வேறு. மரத்தில் குடைந்த இந்த உரலில் பெண்கள் எதிரெதிர் நின்று உலக்கை போட்டுக் கோதுமையின் தோலை நீக்குவார்கள். தோல் நீங்கிய தானியம் இரவு முழுதும் ஊறும். பிறகு ஆட்டிறைச்சி, கோழி அல்லது மாட்டிறைச்சியோடு உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பல மணி நேரம் மெல்லிய தணலில் கிடக்கும். கல்யாணம், பெருநாள் என்று பெரிய அளவில் ஆக்கும்போது, மூடிய பானையைக் குழியடுப்பில் இறக்கித் தணல் போர்த்திவிடும் வழக்கமும் உண்டு. கடைசியில் எலும்பை எடுத்துப்போட்டு, தடித்த மரக்கட்டையால் அடி அடியென்று அடிப்பார்கள். கிண்டுவது வேறு, அடிப்பது வேறு. நீளமாக வெந்ததில் கோதுமையின் மாவுச்சத்து குழைந்து, இறைச்சியின் இணைப்புத் திசு கரைந்து பசையாகியிருக்கும். அடிக்க அடிக்க இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, கையில் எடுத்தால் இழுபடும். மசாலா பெரும்பாலும் கிடையாது. சிலர் ஒரு பட்டைத்துண்டு போடுவார்கள். மற்றபடி உப்பும் நெய்யும்தான். நம் நாக்குக்கு முதல் வாயில் 'ஏதோ குறைகிறதே' என்று படலாம். மூன்றாம் வாயில் அந்தக் குறை மறந்துவிடும்.

எழுத்தில் இந்தப் பண்டம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. 10ஆம் நூற்றாண்டு பாக்தாதில் இப்னு ஸய்யார் அல் வர்ராக் எழுதிய சமையல் நூலில் ஹரீஸா இருக்கிறது. 1226இல் அதே நகரத்தில் அல் பக்தாதி எழுதிய நூலிலும் இருக்கிறது; இரவு அடுப்பேற்றி விடியலில் இறக்கும் சமையலாக. அரண்மனை, கடைத்தெரு இரண்டிலும் அதற்கு இடம் இருந்தது. கடைத்தெருவில் இருந்தால் கலப்படமும் இருக்குமே! 12ஆம் நூற்றாண்டில் அல் ஷைஸரீ என்பவர் சந்தைக் கண்காணிப்பாளர்களுக்காக எழுதிய கையேட்டில் ஹரீஸா வியாபாரிகளுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். இறைச்சியை எடைபோட்டுப் பானையில் இட்டதும் கண்காணிப்பாளர் அதற்கு முத்திரை வைக்க வேண்டும். விடியலில் அவர் தரப்பு ஆள் முன்னிலையில்தான் முத்திரையை உடைத்து இடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கறி காணாமல் போகும். கறிக்குப் பதிலாக வியாபாரிகள் சேர்த்த பொருள்களில் ஒன்று சேப்பங்கிழங்கு என்பது தமிழ் வாசகருக்கு வேடிக்கையாக இருக்கும். வழவழப்புக்கு வழவழப்பு, செலவும் குறைவு. எதைப் போட்டாலும் அடையாளம் தெரியாமல் போகும்படி இடிப்பதுதான் பண்டத்தின் பெருமை. ஏமாற்றுக்காரனுக்கு வசதியும் அதே.

விளம்பரத்துக்கும் குறைவில்லை. ஹரீஸா வலிமை தரும் என்று நபிமொழியாகவே ஒரு செய்தி உலவியது. நபிமொழித் திறனாய்வாளர்கள் அதன் அறிவிப்பாளர் வரிசையைத் துருவினார்கள். முஹம்மத் இப்னு அல் ஹஜ்ஜாஜ் என்பவரிடம் போய் நின்றது. அவர் ஹரீஸா வியாபாரி. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் ஜவ்ஸி புனையப்பட்ட செய்திகளின் தொகுப்பில் அதைச் சேர்த்துவிட்டார். சரக்கை விற்க இட்டுக்கட்டிய ஒருவரை அவர் சரக்கின் பெயராலேயே வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் பயணி இப்னு பதூதா பாரசீகத்தின் காஸரூனுக்குப் போகிறார். அங்கே ஷெய்க் அபூ இஸ்ஹாக்கின் அடக்கத்தலத்தையொட்டிய மடத்தில், வருகிறவர் யாராயிருந்தாலும் இறைச்சியும் கோதுமையும் நெய்யும் சேர்ந்த ஹரீஸா பரிமாறுவார்களாம். தொட்டுக்கொள்ள 'ருகாக்' என்ற மெல்லிய ரொட்டி. இந்த ருகாக்கைத்தான் அமீரகத்தார் இன்று 'ரிகாக்' என்கிறார்கள். ரமலான் சந்தைகளில் பெண்கள் சூடான இரும்புத்தட்டில் மாவைக் கையால் இழுத்துத் தாள்போல் சுடுவார்களே, அதுதான். வேர்ச்சொல்லின் பொருளும் 'மெல்லிசு'.

காஸரூன் மடத்துக்கு இந்தியக் கடலோடும் தொடர்பு இருந்தது. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறியவர்கள் புயலில் அபூ இஸ்ஹாக்கை வேண்டி நேர்ந்துகொள்வார்கள். அந்த நேர்த்திக்கடன் பணத்தைத் திரட்டும் கிளை மடங்கள் கோழிக்கோட்டிலும் கொல்லத்திலும் இருந்ததை இப்னு பதூதாவே எழுதியிருக்கிறார். அரபுக் கப்பல்கள் வந்துபோன அதே மலபார்க் கரையில், மாப்பிள்ளை முஸ்லிம்களின் கல்யாணப் பந்தியில் இன்றும் 'அலீஸா' வருகிறது. கோதுமை, கோழி அல்லது ஆடு, மேலே நெய். சர்க்கரை தூவிச் சாப்பிடுவோரும் உண்டு. முதலெழுத்து ஹகரம் உதிர்ந்து, ரகரம் லகரமாகியிருக்கிறது. ஹனீஃபா அனிபா ஆவதைப் பார்த்துப் பழகிய காதுக்கு முதல் மாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

ஐதராபாத்துக்கு வேறு வழி. நிஜாம் படையில் சேர்ந்த அரபுகள், யேமனின் ஹள்ரமவுத்திலிருந்து வந்தவர்கள், குடியேறிய பகுதிக்குப் பர்கஸ் என்று பெயர். ஆங்கிலேயர் பாணிப் படைக்குடியிருப்பான 'பாரக்ஸ்' தேய்ந்து வந்த பெயர் அது. அங்கே உப்புச் சுவையிலும் இனிப்பிலும் ஹரீஸ் விற்கிறார்கள். அதன் பக்கத்தில், பருப்பும் மசாலாவும் ஏறி, வறுத்த வெங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்த உறவினன்தான் ஹலீம். ஐதராபாத் ஹலீமுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்குப் புகழ் சேர்த்த அளவுக்குப் பழைய பெயரை மூலைக்குத் தள்ளியும் விட்டது. 'ஹலீம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில், ஹலீமைத் தாங்களும் உண்ணும் ஈரானியர்களுக்குள்ளேயே வழக்கு: எந்த ஹகரத்தால் எழுதுவது என்று இரு கட்சி. ஒரு ஹகரம் போட்டால் அரபியில் 'பொறுமைசாலி' என்று பொருள் வருகிறது. அடுப்பருகே விடியவிடியக் காத்திருப்பவர்களுக்குப் பிடித்துப்போகக்கூடிய விளக்கம்.

ஆர்மேனியர்களின் விளக்கம் இன்னும் சுவையானது. அவர்களும் கோதுமையும் கோழியும் சேர்த்து 'ஹரிஸா' செய்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் நாட்டைக் கிறித்துவத்துக்குக் கொண்டுவந்த புனித கிரகோரி ஏழைகளுக்குச் சமைக்கச் சொன்னபோது, கோதுமை அடிப்பிடிக்காமலிருக்க 'ஹரெக் ஸா' (இதை அடியுங்கள்) என்றாராம். அதிலிருந்து வந்ததாம் பெயர். மொழியியலார் ஏற்க மாட்டார்கள். ஆனாலும் கவனியுங்கள்: வேற்று மொழியில் கட்டிய கதைகூட 'அடி' என்ற பொருளை விடவில்லை. 1915இல் மூஸா மலையில் ஒட்டோமான் படையை எதிர்த்து நின்றவர்களின் நினைவாக அந்த மக்களின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் பெரிய அண்டாக்களில் ஹரிஸா ஆக்கிப் பகிர்கிறார்கள்.

இனி அந்த 'ஆ'காரத்தின் ஊர்சுற்றல். ஸ்ரீநகரின் குளிர்காலக் காலைகளில் விற்கும் ஹரீஸாவில் கோதுமை கிடையாது, அரிசியும் ஆட்டிறைச்சியும். ஷாம் நாடுகளில் ஹரீஸா கேட்டால் பாகில் ஊறிய ரவைத்துண்டு வரும், கறியே இல்லை. துனீசியாவில் கேட்டால் நாக்கு எரியும். அங்கே அது காய்ந்த மிளகாயைப் பூண்டு, கொத்தமல்லி விதை, சீமைச் சோம்போடு இடித்து எண்ணெய் விட்ட விழுது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். துனிஸ் 1535 முதல் சில பத்தாண்டுகள் ஸ்பானியர் பிடியில் இருந்தது. அவர்கள் வழியாக வந்ததாகக் கருதப்படும் அந்தப் புதிய காய் உரலில் விழுந்தது. உரலில் விழுந்ததற்கு அந்த மொழியில் வைப்பதற்கென்று ஒரு பெயர் ஏற்கெனவே தயாராக இருந்தது.

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலைப் புரட்டினால் இந்தச் சிதறல் அழகாகத் தெரியும். 2011இல் துருக்கியின் 'கெஷ்கெக்' ஏறியது: கல்யாணத்தில் மேளத்தோடு கோதுமை இடித்து, கறியோடு வேகவைத்து அடிக்கும் அதே பண்டம், பெயர் மட்டும் வேறு. 2022இல் துனீசியாவின் ஹரீஸா ஏறியது: அதே பெயர், பண்டம் வேறு. 2023இல் அமீரகமும் ஓமனும் சவூதியும் சேர்ந்து கொடுத்த விண்ணப்பத்தில் ஹரீஸ் ஏறியது: பெயரும் பண்டமும் பிரியாத இடம். வளைகுடாவில் பண்டம் ஏன் இவ்வளவு மாறாமல் நின்றது? அங்கே அதில் சேர்க்க அதிகம் எதுவும் இருந்ததில்லை என்பதுதான் காரணமாகத் தோன்றுகிறது. பாலைநிலக் கரையில் கோதுமையே பெரிய நாளுக்கான தானியம். அன்றாடத்துக்கு மீனும் பேரீச்சையும், கப்பலில் வந்த அரிசியும். அந்த அரிசிக்கு அவர்கள் வைத்த பெயரோ 'அய்ஷ்', அதாவது வாழ்வு. எகிப்தியருக்கு அதே அய்ஷ் ரொட்டி.

அரிசியிலும் ஒரு ஹரீஸ் உண்டு: கோழியோடு குழைய வேகவைத்து அடித்தது, பெயர் 'அர்ஸியா'. கல்யாணங்களில் வைப்பதால் 'உர்ஸ்' என்ற திருமணச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அந்த உர்ஸ் நமக்குத் தெரிந்த சொல்தான். இறைநேசர்களின் மறைவை இறைவனோடான மணமாகக் கருதியதால் அவர்களின் நினைவுநாள் உர்ஸ் ஆயிற்று. நாகூர்க் கந்தூரியையும் உரூஸ் என்பது அதனால்தான்.

ஹரீஸ் தேடிப் போகும் பயணிக்கு ரமலான் மாதமே சரியான காலம். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் மூடிய கிண்ணங்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவது பழைய வழக்கம். மற்ற மாதங்களில் அமீரகச் சமையலுக்கென்றே இருக்கும் உணவகங்களில் கிடைக்கும். துபாயின் அல் ஃபஹீதி பழைய குடியிருப்பில் ஷெய்க் முஹம்மத் பண்பாட்டுப் புரிதல் மையம், வெளியூர்க்காரர்களைத் தரையில் உட்காரவைத்து உள்ளூர்ச் சாப்பாடு போட்டுக் கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறது. இப்போது பல வீடுகளில் மரக்கட்டையின் வேலையை மின்சார மிக்ஸி பார்க்கிறது. அதில் அரைத்தது பசைபோல் ஆகிவிடும், கட்டையால் அடித்ததில்தான் இழை இருக்கும் என்று மூத்தவர்கள் குறைசொல்வார்கள். வலக்கையால் ஒரு ஓரத்திலிருந்து எடுத்து, குழியில் இருக்கும் நெய்யில் தொட்டுச் சாப்பிட வேண்டும்; நடுவிலிருந்து தொடங்கினால் நெய் முழுவதும் ஒரே பக்கம் ஓடிவிடும், அதே தட்டில் உண்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.