மலையைப் படமெடுக்கப் போகிறவருக்கு



சில வாரங்களுக்கு முன் என் மருமகன் தோளில் கமராவும் கையில் முக்காலித் தாங்கியுமாக வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக, "மாமா, கோணேசர் மலையைக் கடற்பக்கமிருந்து படமெடுக்க வேணும். எந்த மாதம் போனால் நல்லது?" என்று கேட்டான்.

கேள்வி சிறியதுதான். ஆனால் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவனிடம் அந்த மலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், பதில் ஒரு வரியில் முடிந்துவிடாது.

"கச்சான் வீசும் மாதங்களில் போ. விடியற்காலையில் போ" என்றேன்.

காரணம் எளிது. கார்த்திகை தொடங்கித் தை வரை வாடைக்காற்று கடலைக் கலக்கிவிடும். எங்கள் மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டும். சித்திரைக்குப் பின் கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும்போது கிழக்குக் கடல் தணிந்து, தெளிந்து கிடக்கும். மலையின் செங்குத்துப் பக்கம் கிழக்கே திரும்பியிருக்கிறது. ஏறத்தாழ 400 அடி என்று சொல்லப்படும் அந்தப் பாறைமுகத்தில் காலை வெயில் நேராக விழும். பிற்பகலில் போனால் மலை தன் நிழலையே போர்த்துக்கொண்டு கறுத்து நிற்கும்.

வடக்கே ஒரு விரிகுடா, தெற்கே ஒரு விரிகுடா, நடுவே கடலுக்குள் நீட்டிய விரலைப்போல ஒரு நிலமுனை. அதன் நுனியில் மலை. இரு கரைகளிலிருந்தும் அதைப் பார்க்கலாம். ஆனால் அதன் முகத்தைப் பார்க்க வள்ளம் ஏறவேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், "இவ்வளவுதானா மாமா?" என்றான் மருமகன். "படத்துக்கு இவ்வளவு போதும். மலைக்குப் போதாது" என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

கோணேசர் ஆலயத்தின் பழைய உருவத்தைக் காட்டும் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. புகைப்படக் கலை பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஆலயம் இடிக்கப்பட்டுவிட்டது. எம்மிடம் எஞ்சியவை சொற்களே. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்துக்குப் பதிகம் பாடினார். அவர் கடல் கடந்து வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. கண்ணால் காணாத மலையை அலையோசையோடு பாடிவைத்தார் ஒருவர். பின்னர் கோணேசர் கல்வெட்டும் தட்சிண கைலாச புராணமும் அதன் பெருமையைப் பேசின. இவையே எங்கள் பழைய படங்கள்.

1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி அதைப் பிடித்தனர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். இத்தனை பேரும் இந்த முனைக்காகச் சண்டையிட்டது மலையின் அழகுக்காக அன்று. அருகிலிருந்த இயற்கைத் துறைமுகத்துக்காக. பெருங்கப்பல்கள் அணியணியாக ஒதுங்கக்கூடிய ஆழமான துறைமுகம் அது.

பின்னாளில் பிறெட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அந்தக் கோட்டையின் வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. கயல் பாண்டியரின் சின்னம். அருகே குளக்கோட்டன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும், சிதைந்துபோன தமிழ் வரிகள். "அந்தக் கல்லை முதலில் எடு, பிறகு மேலே ஏறு" என்றேன் மருமகனிடம்.

மலையுச்சியில் ஒரு தூண் உண்டு. பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்தப் பெண், தன் காதலனின் கப்பல் போவதைப் பார்த்து 1687இல் அங்கிருந்து குதித்தாள் என்று பயணிகளுக்குக் கதை சொல்வார்கள். தூணில் அவள் பெயரும் ஆண்டும் இருப்பது உண்மை. ஆனால் அவள் அதன்பின்னும் வாழ்ந்து மணம் முடித்ததாக ஒல்லாந்தர் ஆவணங்கள் கூறுகின்றன. அந்தத் தூணே பழைய கோயிலின் தூண் என்று கருதுவோரும் உளர். ஒரே கல்லுக்கு எத்தனை கதைகள்! படத்தின் கீழ் ஒரு வரி எழுதுமுன் யோசிக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

ஆலயம் இல்லாத நூற்றாண்டுகளிலும் வழிபாடு நிற்கவில்லை. மலைவிளிம்பில் நின்று கடலுக்குப் பூவும் பழமும் இட்டு வணங்கியதை 19ஆம் நூற்றாண்டில் எமெர்சன் ரெனன்ற் எழுதிவைத்திருக்கிறார். கோபுரமில்லாத பாறையையே மக்கள் கோயிலாகக் கொண்டிருந்தனர்.

பிறகு மண் வாய் திறந்தது. 1950இல் கிணறு வெட்டியபோது சோழர்காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அடுத்து கடல் வாய் திறந்தது. 1956இல் மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க் ஆகியோர் மலையடிவாரக் கடலில் மூழ்கினர். கிளார்க் பின்னாளில் விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்றவர். வில்சன் கமராக்காரர். 1943இல் பிரான்சில் உருவான, முதுகில் காற்றுக் கலம் சுமந்து மூழ்கும் கருவி அப்போதும் உலகுக்குப் புதிது. நீருக்குள் சில பாகங்கள் இறங்கியதுமே சிவப்பு நிறம் மங்கிவிடும். எல்லாம் நீலமாகவே தெரியும். அந்த நீலத்துக்குள் பாறைகளுக்கிடையே செதுக்கிய கற்களும் தூண் துண்டுகளும் கிடந்தன. 'தப்ரபேனின் பவளப் பாறைகள்' என்ற பொருள்படும் கிளார்க்கின் நூல் 1957இல் அதை உலகுக்குச் சொன்னது.

மலையிலிருந்து கோயில் கடலில் தள்ளப்பட்டது என்று எங்கள் பாட்டிமார் சொல்லிவந்ததைக் கமராவும் கண்டது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் செவிவழியாக வந்த செய்தி கண்வழியாக உறுதிப்பட்டது அப்போதுதான்.

வில்சன் அந்தக் கடலை விடவில்லை. 1962இல் அவர் இயக்கிய 'ரன்முத்து தூவ' என்ற சிங்களத் திரைப்படத்தில் திருகோணமலைக் கடலடியை இலங்கை முழுவதும் வண்ணத்தில் பார்த்தது. அடுத்த ஆண்டு, 1963இல், புதிதாக எழுந்த ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. வில்சனோ காலப்போக்கில் சினிமாவைத் துறந்து, சுவாமி சிவ கல்கி என்ற துறவியாகி, 1995இல் மறைந்தார். மலையைப் படமெடுக்க வந்தவரை மலை எடுத்துக்கொண்டது என்று எங்களூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் என் சொந்தக் கதை ஒன்றையும் மருமகனுக்குச் சொன்னேன். எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் கோணேசர் மலையின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்கியது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அதுவும் போயிற்று. அப்படி அல்பங்களையும் சட்டமிட்ட படங்களையும் விட்டுவந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். பல ஆண்டுகளின் பின், வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அதே படத்தின் சிறிய பிரதியொன்றை அனுப்பினார். பின்புறத்தைத் திருப்பினேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யார் எடுத்தது? எப்போது எடுத்தது?

படத்திலேயே ஒரு சாட்சி இருந்தது. உச்சியில் கோயிலைக் காணவில்லை. ஆகவே 1963க்கு முந்தியது என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு நாளையும் அந்தப் படம் சொல்ல மறுக்கிறது. எடுத்தவர் பின்புறத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அது சரித்திரமாகியிருக்கும். எழுதாததால் அது வெறும் ஞாபகமாக நிற்கிறது.

மருமகன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு தன் பையிலிருந்து கொப்பி ஒன்றை எடுத்தான். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருப்பதால் எங்கே கமராவைத் தூக்கலாம், எங்கே கூடாது என்று முதலில் விசாரிப்பது, வள்ளக்காரரிடம் கடல் நிலையைக் கேட்பது, விடியுமுன் புறப்படுவது, கயல் பொறித்த கல், தூண், கடைசியாக மலைமுகம். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான்.

"இன்னும் ஏதும் இருக்கோ மாமா?"

"இருக்கு. எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் நாளும் இடமும் உன் பெயரும் எழுதிவை. வள்ளம் ஓட்டினவரின் பெயரையும் சேர்த்து எழுது."

சிரித்துக்கொண்டே அதையும் எழுதினான்.