பாட்டி தடுமாறி விழுவதை முன்பே கண்டுபிடிக்கலாமா? விஆர் பரிசோதனை எப்படி நடக்கும்?

திற்பரப்பு அருவிக்குப் போனா, வழுக்குற பாறையில பாட்டி கையைப் பிடிச்சுக்கிறோம். வீட்டு பாத்ரூம்ல? உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6.84 லட்சம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

வழக்கமான பரிசோதனை சிம்பிள்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. ஆனால் அது வெளிச்சமான, சமமான தரை. நிஜத்தில் விழுவது அங்கேயா?

விஆர் கண்ணாடி மாட்டினால், நிற்கும் இடத்திலேயே கண்முன் காட்சி சாயும், நகரும். உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்பதை சென்சார் அளக்கும். கால் உணர்வைவிட பார்வையையே நம்பி நிற்பவர்கள் இதில் அதிகம் ஆடுவார்கள். சிலருக்குத் தலைசுற்றும், அதனால் பக்கத்தில் ஆள் கட்டாயம்.

எல்லா ஊரிலும் விஆர் கிடையாது. 12 விநாடி சோதனையை, ஒருவர் அருகில் நிற்க, வீட்டிலேயே செய்யலாம். நேரம் கூடினால் டாக்டரைப் பாருங்கள். பிரஷர், தூக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.