சப்பாத்திக்கள்ளியும் வெள்ளைப் பூச்சியும்

போன ஆடியில் வேலை கிடைத்துப் பெங்களூரு கிளம்பிய பேத்தி, தன் கள்ளித் தொட்டிகள் இரண்டை என்னிடம் விட்டுப் போனாள். "தாத்தா, இதுக்கு ரொம்பத் தண்ணி விட்டுடாதேங்கோ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள். நான் கேட்கவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்குச் செடி என்றால் தண்ணீர்தான். துளசிக்கு விடும்போதே இவற்றுக்கும் ஆளுக்கு ஒரு செம்பு விட்டேன். ஐப்பசி அடைமழையில் ஒன்று அடியில் அழுகி, தொட்டால் கொழகொழவென்று சாய்ந்துவிட்டது. மார்கழியில் பார்த்தால், மிச்சமிருந்ததன் மேல் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பேத்தியோ பொங்கலுக்கு வருகிறாள்.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது ஊர் வேலியெல்லாம் சப்பாத்திக்கள்ளிதானாம். பிறகு அது சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்து, அப்படியே சரிந்து மக்கிப்போனதாம். "பூச்சி தின்னுடுத்து" என்பார். அது என்ன பூச்சி, எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் ஓய்வு பெற்றபின் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு விஷயம். குறுந்தொகையில் வரும் பாலை நிலத்துக் கள்ளி வேறு, இது வேறு. நம் ஊர்ச் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, கப்பலேறி இங்கே வந்தது. இன்று நர்சரியில் விற்கும் காக்டஸ்கள் அதன் பங்காளிகள்.

கள்ளியை இங்கே கொண்டுவந்து வளர்த்ததற்கு ஒரு காரணம் சாயம். கோச்சினீல் என்ற சின்னஞ்சிறு பூச்சி கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. அதைக் காயவைத்துப் பொடித்தால் அருமையான சிவப்புச் சாயம். மெக்சிகோவைக் கையில் வைத்திருந்த ஸ்பெயின்காரர்கள் அந்த வியாபாரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நாமே பூச்சி வளர்த்தால் என்ன என்று கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. 1780களின் பிற்பகுதியில் சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். செடி வந்தாயிற்று, பூச்சிதான் வரவில்லை.

1795இல் பிரேசிலிலிருந்து வந்த ஒரு கப்பல் கேப்டன் கல்கத்தாவில் பூச்சியைக் கொண்டுவந்து இறக்கினார். ஆனால் அது அசல் சாயப்பூச்சி அல்ல, அதன் காட்டு உறவு. சாயம் மட்டம். அதோடு, தான் தங்கிய கள்ளி வகையையே தின்று தீர்த்துவிட்டது. கம்பெனிக்கு நஷ்டம். ஆனால் பூச்சியை விட்டுக் களையை அழிக்கலாம் என்பது அப்போது தற்செயலாகத் தெரியவந்தது. அதே பூச்சியை 1860களில் இலங்கைக்கு அனுப்பி, அங்கே காடாக மண்டியிருந்த கள்ளியை ஒழித்தார்கள்.

ஆனால் இந்தப் பூச்சி ஒரே வகைக் கள்ளியைத்தான் தொடும். மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமுமாக நாம் அறிந்த சப்பாத்திக்கள்ளியை அது சீண்டவில்லை. வேலிக்கென்று வைத்த செடி வயலுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் இறங்கியது. வெட்டிப் போட்டால் ஒவ்வொரு மடலும் வேர்விட்டது. கடைசியில் 1926இல், இலங்கையிலிருந்து கோச்சினீலின் இன்னொரு வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஒரு லட்சம் ஏக்கர் நிலம் மீண்டது. நாம் அனுப்பிய பூச்சிக்கு இலங்கை செய்த பதில் மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா பார்த்த வெள்ளை அதுதான்.

இதெல்லாம் மனதில் ஓட, என் தொட்டியிலிருந்து ஒரு திட்டைக் குச்சியால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் நசுக்கினேன். கோச்சினீல் என்றால் ரத்தச் சிவப்பாகக் கறை படியும். படியவில்லை. சாதாரண மாவுப்பூச்சிதான், செம்பருத்தியில் வருமே, அதன் வகை. அதையும் விட்டுவைத்தால் செடி போய்விடும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொரு திட்டாகத் துடைத்தேன். குஞ்சுகள் ஒளிந்திருக்கும் என்பதால் வாரம் ஒரு முறை, நாலு வாரம் செய்தேன்.

மண்ணையும் மாற்றினேன். பாதிக்குப் பாதி ஆற்று மணல், அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டி. கூடத்து இருட்டிலிருந்து எடுத்து, காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னலில் வைத்தேன். ஒரு ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுப்பேன். ஈரம் ஒட்டாமல் வந்தால்தான் தண்ணீர். அடியில் தட்டில் தண்ணீர் தேங்க விடுவதில்லை. மழைக்காலத்தில் மாதம் ஒரு தரமே அதிகம்.

லட்சம் ஏக்கர் கள்ளியை வீழ்த்த ஒரு பூச்சிப்படை தேவைப்பட்டது. என் வீட்டுக் கள்ளிக்கு ஒரு செம்பும் என் பாசமும் போதுமாக இருந்தன.

பொங்கலுக்கு வந்த பேத்தி முதலில் கேட்டது, "இன்னொண்ணு எங்கே?" உள்ளதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த தொட்டியைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். "இன்னும் ஒரு வாரம் விடாதேங்கோ தாத்தா" என்றாள்.

இந்தத் தடவை கேட்டேன்.