உப்பும் சூளையும்

வேதாரண்யம் என்றதும் 1930-ல் ராஜாஜி தலைமையில் நடந்த உப்பு சத்தியாகிரகம்தான் நினைவுக்கு வரும். அதே உப்பு மண்பாண்டத்துக்கு மெருகும் ஏற்றும் என்பது பலருக்குத் தெரியாது!

ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதிக் குயவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைச் செய்தார்கள். 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் கனலும் சூளையில் உப்பை எறிவார்கள். அது ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகிவிடும்.

குறைந்த சூட்டில் உருகும் ஈய மெருகு அப்படியல்ல. புளிப்புப் பட்டால் ஈயம் கரைந்து உணவில் கலக்கலாம். உப்பு மெருகுக்கு ஈயம் தேவையில்லை, அமிலத்துக்கும் எளிதில் கரையாது. அதனால்தான் ஐரோப்பாவில் ஊறுகாய் ஜாடிக்கும் இந்தியாவில் கழிவுநீர்க் குழாய்க்கும் அது பயன்பட்டது.

ஆனால் சூளைப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். சாப்பிடுபவருக்குப் பாதுகாப்பு, சூளையருகே நிற்பவருக்கு ஆபத்து. பாத்திரம் பாதுகாப்பானதா என்று கேட்கும்போது, அதைச் சுட்டவரையும் சேர்த்தே கேட்க வேண்டும்.