விண்துகள் வேட்டை – 9: அனுராதாவின் கடிகாரம்

போன வாரம் ஊட்டியில் பார்த்த மியூவான்கள், வானத்துத் துகள் காற்றில் மோதிச் சிதறிய பின் விழும் பொறிகள். மோதுவதற்கு முன் மூலத் துகளையே பிடிக்க வேண்டுமானால் காற்றைத் தாண்டி மேலே போக வேண்டும். 1985 ஏப்ரல் 29-ல் சேலஞ்சர் விண்ணோடத்தில் ஏறிய ஸ்பேஸ்லேப்-3 ஆய்வுக்கூடத்தோடு அப்படியொரு இந்தியக் கருவி போனது. பெயர் அனுராதா; நம் அனுஷ நட்சத்திரத்தின் வடமொழிப் பெயர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுகுமார் பிஸ்வாஸ் தலைமையில் உருவானது.

உள்ளே இருந்தது சி.ஆர்-39 என்ற பிளாஸ்டிக் தகடுகளின் அடுக்கு. மூக்குக்கண்ணாடி வில்லை செய்கிற அதே பிளாஸ்டிக்! துகள் துளைத்துப் போனால் கண்ணுக்குத் தெரியாத காயம் மட்டும் மிஞ்சும். பிறகு காரக் கரைசலில் ஊறப்போட்டால், காயம் பட்ட இடம் அரிபட்டுக் கூம்புக் குழியாகும். பச்சைச் சுடரைக் கண்டதும் பேரியம், சிவப்பென்றால் ஸ்ட்ரான்சியம் என்று அச்சங்குளத்தில் பட்டாசு மருந்து கலக்குபவர்கள் சொல்லிவிடுவார்கள். 2021 பிப்ரவரி பட்டாசு ஆலை விபத்தில் பலரைப் பறிகொடுத்த ஊர் அது. அந்த அறிவுக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. இங்கே சுடருக்குப் பதில் குழி. அதன் அளவும் துகள் போய் நின்ற ஆழமும் வந்தது ஆக்சிஜனா, இரும்பா என்று காட்டிக்கொடுத்தன.

ஆனால் எப்போது வந்தது? பிளாஸ்டிக்குக்கு ஏது கடிகாரம்? தகடுகளை இரண்டு அடுக்காக்கி, ஒன்றை அசையாமல் வைத்து, இன்னொன்றை மெல்லச் சுழலவிட்டார்கள். துகள் இரண்டையும் துளைத்த பின்னும் சுழலும் அடுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே தடம் இரண்டாகப் பிரிந்துவிடும். சிவகாசி அச்சகத்தில் நான்கு கலர் ஓட்டும்போது ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) விலகினால் தாள் கழிவுக்குப் போகும். அனுராதாவில் அந்த விலகல்தான் கடிகாரம்.

நேரம் தெரிந்தால் விண்ணோடம் அப்போது எந்த இடத்துக்கு மேலே பறந்தது என்பது தெரியும். பூமியின் காந்தப்புலம் ஒரு சல்லடை. மின்னூட்டம் மிகுந்த மெதுவான துகளை வளைத்துத் திருப்பிவிடும். அப்படிப்பட்டவை நுழையவே முடியாத இடத்திலும் மெதுவான துகள்களின் தடம் கிடைத்தது. அவற்றில் சில ஒரே ஒரு எலக்ட்ரானை மட்டும் இழந்தவை. நெடுந்தூரம் அலைந்து வந்திருந்தால் இன்னும் பல எலக்ட்ரான்கள் உரிந்திருக்கும். நட்சத்திரங்களுக்கு இடையே மிதக்கும் வாயு, சூரியக் குடும்பத்துக்குள் வந்து ஒரு எலக்ட்ரானைப் பறிகொடுத்து, அதன் விளிம்பில் வேகம் பெற்றுத் திரும்பியிருக்கிறது! இரண்டு அடுக்குத் தகடுகளை வைத்து இதைக் கண்டார்கள் என்பது இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

மே 6-ல் சேலஞ்சர் பத்திரமாகத் தரையிறங்கியதால் தகடுகள் கைக்குக் கிடைத்தன. 1986 ஜனவரி 28-ல் அதே விண்ணோடம் ஏழு பேருடன் கிளம்பி, 73 வினாடிகளில் சிதறியது.

இன்று தகடு திரும்பி வரத் தேவையில்லை. 2023 செப்டம்பர் 2-ல் புறப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலம், 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஆஸ்பெக்ஸ் கருவியின் துகள் கணக்கை அனுப்புகிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, சிவகாசி வழியாகப் போகும் ரயில் பாதையிலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்தவர். அடுத்த வாரம் அங்கே போவோம்.