இரக்கமின்மை–உணர்ச்சியின்மை வினாநிரல்

பிறர் துயருக்கு இரங்காமை, தவறுக்கு வருந்தாமை, உணர்ச்சியை வெளிக்காட்டாமை ஆகிய ஆளுமைப் பண்புகளை அளக்கும் உளவியல் கருவி. அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிரிக் 2004இல் உருவாக்கினார். ஆங்கிலச் சுருக்கப் பெயர் ஐ.சி.யு.

அமைப்பு: 24 கூற்றுகள். விடையளிப்போர் ஒவ்வொன்றும் தமக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதற்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பிடுவர். மொத்த மதிப்பெண் 0–72. நற்பண்பைச் சொல்லும் கூற்றுகளுக்குத் தலைகீழ்க் கணக்கு: பிறர் மனம் நோகாமல் நடப்பதாக 3 குறித்தால், அது 0 ஆகப் பதிவாகும். இரக்கமின்மை, அக்கறையின்மை, உணர்ச்சியின்மை என மூன்று உட்பிரிவுகள் உண்டு.

இளம் வயதினரிடம்: சிறுவர், பதின்வயதினருக்காக எழுந்த இக்கருவிக்குப் பெற்றோர், ஆசிரியர் நிரப்பும் வடிவங்களும் உள்ளன. கல்லூரி வயதினரிடம் பெரும்பாலும் தன்மதிப்பீடே வழி. தம்மை நல்லவராகக் காட்டும் விருப்பம் விடைகளைத் திரிக்கலாம். உணர்ச்சியின்மைப் பிரிவு மற்ற இரண்டைவிடச் சமூக விரோத நடத்தையோடு குறைவாகவே இணைகிறது. கூச்சத்தாலோ மனச்சோர்வாலோ உணர்வை அடக்குபவரும் அதில் கூடுதல் மதிப்பெண் பெறக்கூடும்.

பயன்பாடு: மனக்கோளாறுகளை வகைப்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேடு, நடத்தைக் கோளாறு உள்ளோரிடம் இப்பண்புகளைத் தனியே குறிக்க இடமளித்தது. அதற்கு, 12 மாதங்களாவது, பல உறவுகளிலும் சூழல்களிலும் அவை தென்பட வேண்டும். வினாநிரலின் மதிப்பெண் மட்டுமே நோயறிதல் ஆகாது. நேர்காணலும் நெருங்கியோர் தரும் தகவலும் இன்றி ஓர் இளைஞரைக் கல்நெஞ்சர் என முத்திரை குத்துவது அநீதி.